ஹைலக்ஸின் பின் அச்சில் ஒரு பூட்டு

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பழைய தலைமுறைகளில் பின் அச்சு பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கும். ஒரு டன் அளவுக்குப் பாரம் தாங்கக் கணக்கிட்டுச் செய்த ஸ்பிரிங்குகள் என்பதால், பின்தட்டு காலியாக ஓடும்போது அவை விறைத்தே நிற்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய இடத்தில் அச்சு அதற்கு வளைந்து கொடுக்காது. நான் வசிக்கும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மலைக்காட்டுப் பாதைகளில் இதன் விளைவை உடனே காணலாம். வொம்பாட் என்னும் விலங்கு தோண்டிய வளைகள், மழைநீர் பாதையை அரித்துவிடாமல் திருப்பிவிடுவதற்காகக் குறுக்கே எழுப்பிய மண்மேடுகள், முன்னே போன வண்டிகள் உழுதுவிட்ட களிமண் தடங்கள் ஆகியவற்றின் மேல் வண்டி கோணலாக ஏறும்போது, முன்பக்கம் ஒரு சக்கரமும் அதன் எதிர்மூலையில் பின்பக்கம் ஒரு சக்கரமும் பாரம் இழந்து அந்தரத்தில் தொங்கும். தொங்கும் இரண்டும் வீணாகச் சுற்றும். தரையில் ஊன்றிய இரண்டும் அசையாமல் நிற்கும். நான்கு சக்கர ஓட்டத்துக்கென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வண்டி ஓரடி கூட நகராது.

காரணம் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல். திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழி வேண்டும். அந்த வழியைப் பிரெஞ்சுக்காரரான ஒனெசிஃபோர் பெக்கர் 1827-ஆம் ஆண்டிலேயே நீராவி வண்டிக்காகக் கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இருக்கும்; அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும்; அந்தக் கிரவுன் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் கூண்டுக்குள் ஸ்டார் பினியன்கள் என்னும் வேறு சிறு பல்சக்கரங்கள் இருக்கும்; அவை இருபுறமும் உள்ள பக்கப் பல்சக்கரங்களைக் கடித்துக்கொண்டிருக்கும்; அந்தப் பக்கப் பல்சக்கரங்களில்தான் இடது, வலது அச்சுத் தண்டுகள் செருகப்பட்டிருக்கும். இந்த அமைப்பு இரு பக்கங்களுக்கும் வேகத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துத் தரும், ஆனால் முறுக்குவிசையைச் சரிபாதியாக மட்டுமே தரும். வழுக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் சுற்றத் தொடங்கினால், கெட்டியான தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100-தான் போகும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இந்தக் கணக்கு மாறாது, எரிபொருள்தான் செலவாகும். புதிய வண்டிகளில் சுற்றும் சக்கரத்தைக் கணினி தானே பிரேக் பிடித்து, அந்தத் தடையின் வழியாக மறுசக்கரத்துக்கு விசையைத் தள்ளிவிடுகிறது. என்னுடையதைப் போன்ற பழைய வண்டியில் அந்த ஏற்பாடு கிடையாது. அங்கே பூட்டுதான் வழி.

பூட்டு என்று பொதுவாகச் சொன்னாலும் வகைகள் பல. மிக மலிவானது ஸ்டார் பினியன்களையே வெல்டு வைத்து ஒட்டிவிடுவது. வயல் வேலைக்கு மட்டும் பயன்படும் வண்டிக்கு அது போதும். தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு அதைச் செய்பவரோடு நான் வாதாட மாட்டேன், விலகிப் போய்விடுவேன். அடுத்தது, உராய்வுத் தட்டுகள் வைத்த லிமிட்டெட் ஸ்லிப். சாலையில் இதமானது, ஆனால் ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் நிற்கும்போது அதனால் பெரிதாக எதுவும் ஆவதில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் லாக்கர் போன்ற தானியங்கி வகைகள் வேறு தர்க்கத்தில் இயங்குகின்றன: எப்போதும் பூட்டியே இருக்கும், திருப்பத்தில் வேகமாக ஓட விரும்பும் வெளிச்சக்கரத்தை மட்டும் பற்களிலிருந்து விடுவித்து ஓடவிடும். ஓட்டுநர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதும், உறுதியும் அதன் பலம். ஆனால் பின்பக்கம் லேசான பிக்கப்பில், மழையில் நனைந்த ரவுண்டானாவில், எஞ்சின் விசை கூடும்போதும் குறையும்போதும் அது பிடிப்பதும் விடுவதும் வண்டியின் வாலை உதறிவிடும். என் வண்டி வாரத்தில் பெரும்பாலான நாட்கள் நகரத்துத் தார்ச்சாலையில்தான் ஓடுகிறது. ஆகவே வேண்டும்போது மட்டும் பூட்டி, வேண்டாதபோது சாதாரண டிஃபரென்ஷியலாகவே இருக்கும் வகையைத் தேடினேன்.

அதிலும் இரண்டு வழிகள் இருந்தன. டொயோட்டாவே சில மாடல்களில் மின்மோட்டாரால் இயங்கும் பூட்டை ஆலையிலேயே பொருத்தி விற்றிருக்கிறது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளில் அது முழுத்தொகுதியாகக் கிடைக்கும். ஆனால் பூட்டில்லாத அச்சின் ஹவுசிங்கில், அதாவது அதன் வெளிக்கூட்டில், அது அப்படியே உட்காராது. ஹவுசிங்கின் வாயில் இரும்பைச் செதுக்கி இடம் உண்டாக்க வேண்டும். மற்றது காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் லாக்கர். மெல்பர்னில் 1975-இல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.பி. நிறுவனம், ராபர்ட்ஸ் டிஃப் லாக் என்ற பெயரில் அதற்கு முன்பே இருந்த ஒரு வடிவமைப்பை 1987-இல் வாங்கி மேம்படுத்தி உலகெங்கும் கொண்டு சேர்த்த சாதனம் இது. ஹவுசிங்கை வெட்ட வேண்டாம் என்ற ஒரே காரணத்தால் நான் இதன் பக்கம் சாய்ந்தேன். கம்ப்ரஸர் இருந்தால் டயருக்கும் காற்றடித்துக்கொள்ளலாம் என்பது வீட்டில் செலவை நியாயப்படுத்தச் சொன்னது.

உள்ளே நடப்பது எளிமையானது. பழைய கூண்டுக்குப் பதிலாக வரும் இந்தப் புதிய கூண்டுக்குள் ஒரு வளைய வடிவப் பிஸ்டன் இருக்கிறது. காற்று அதைத் தள்ளும்போது, பற்கள் வெட்டிய ஒரு வளையம் நகர்ந்து பக்கப் பல்சக்கரங்களில் ஒன்றைக் கூண்டோடு கோத்துவிடும். ஒரு பக்கப் பல்சக்கரம் கூண்டை விட்டுத் தனியாகச் சுற்ற முடியாது என்றானதும், ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் திரும்ப வழியில்லை; அவை திரும்பாவிட்டால் மறுபக்கப் பல்சக்கரமும் சுற்ற வழியில்லை. ஒரு பக்கத்தைக் கட்டினாலே இரு பக்கமும் கட்டுப்பட்டுவிடும். காற்றை விட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகள் வளையத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். சுற்றிக்கொண்டே இருக்கும் கூண்டுக்குள் அசையாத குழாயிலிருந்து காற்றைக் கொண்டுபோவதுதான் இதில் நுட்பமான இடம். கூண்டின் கழுத்தைச் சுற்றி ஒரு சீல் வளையம் அசையாமல் நிற்கும். அதற்குள் இரண்டு ஓ-ரிங்குகளுக்கு நடுவில் காற்று நுழையும். ஒரு மெல்லிய செப்புக்குழாய் அந்த வளையத்தை வெளியுலகோடு இணைக்கிறது. இந்தச் சாதனத்தின் ஆயுள் பெரிதும் அந்த இரண்டு ரப்பர் வளையங்களில் இருக்கிறது.

விக்டோரியாவின் மலைக்காட்டுப் பாதைகளில் பலவற்றை ஜூன் மாதத்து மன்னர் பிறந்தநாள் விடுமுறை கழிந்ததும் பூட்டிவிடுவார்கள். பிறகு அக்டோபர் கடைசியில் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய வாரத்தையொட்டித்தான் திறப்பார்கள். அந்தக் குளிர்காலம் இந்த வேலைக்குத் தோதானது. வேலையில் எனக்குத் துணை நின்றவர் யாழ்ப்பாணத்து நண்பர். ஊரில் லொறி அச்சு வேலை பழகி, இங்கே வந்தும் அதே தொழிலில் இருப்பவர். அவருடைய கராஜில்தான் பேரிங் அழுத்தும் பிரஸ்ஸும் இருந்தது. நான் அவரை அண்ணை என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார், வேலை மும்முரத்தில் அதுவும் வராது.

ஹைலக்ஸின் 8 அங்குல பின் அச்சு இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். சில வண்டிகளில் ஹவுசிங்கின் பின்மூடியைத் திறந்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தே எல்லாவற்றையும் அளக்க வேண்டும். இதிலோ கிரவுன், பினியன், கூண்டு மூன்றும் ஒரே வார்ப்பிரும்புத் தொகுதியில் அமைந்திருக்கின்றன. அச்சின் முன்பக்கமிருந்து 10 நட்டுகளைக் கழற்றினால் தொகுதி அப்படியே வெளியே வந்துவிடும். மேசையில் வைத்து நின்றபடி வேலை பார்க்கலாம். அதற்கு முன் எண்ணெயை வடித்து, எஞ்சின் விசையை அச்சுக்குக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் குறியிட்டுக் கழற்றி, பிரேக் டிரம்களை எடுத்து, பிரேக் குழாயையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் விடுவித்து, பின்தகட்டின் நான்கு நட்டுகளைக் கழற்றி அச்சுத் தண்டுகளை வெளியே இழுக்க வேண்டும். முழுதாக உருவத் தேவையில்லை. தண்டின் நுனிப்பற்கள் பக்கப் பல்சக்கரத்தை விட்டு வெளிவந்தால் போதும். தண்டின் எடையைக் கையில் தாங்கியபடி இழுக்காவிட்டால் அந்தப் பற்கள் உள்ளிருக்கும் ஆயில் சீலைக் கிழித்துவிடும்; அது கிழிந்தால் எண்ணெய் போய்ச் சேருமிடம் பிரேக் ஷூ. தொகுதியின் எடை 30 கிலோவுக்கு மேல். அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்து இறக்கினோம்.

மேசையில் ஏற்றித் துடைத்ததும் என் கை ஸ்பானருக்குப் போனது. அண்ணை, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கழட்டுறதுக்கு முதல் அளந்து எழுதி வையும். கழட்டினாப் பிறகு உது வாய் திறக்காது."

இந்த வேலையின் மையமே அந்த அளவுதான். லாக்கர் வாங்குபவர்கள் பெட்டிக்குள் இருக்கும் இயந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம்; எது வலுவானது, எத்தனை ஸ்டார் பினியன்கள், எந்த உலோகம் என்றெல்லாம் ஒப்பிடுகிறோம். பெட்டியிலிருந்து வரும் கூண்டு ஆலையில் சோதித்து முடித்த பொருள். அதை அச்சில் உட்காரவைப்பவர் தீர்மானிக்கும் முக்கியமான விஷயம், கிரவுன் சக்கரம் பினியனுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது. அந்த இடைவெளியால் கிடைக்கும் ஆட்டத்தைப் பேக்லாஷ் என்கிறோம். டொயோட்டா இந்த அச்சுக்குக் கொடுத்திருக்கும் அளவு 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அச்சுத்தாள்களின் தடிமனுக்கும் குறைவு. அதைவிட நெருங்கினால் பற்கள் சூடேறி, எண்ணெய்ப் படலம் அறுந்து, ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். விலகினால் கியர் மாற்றும்போதெல்லாம் டங்கென்று அடித்து, பாரம் பல்லின் தவறான இடத்தில் விழுந்து, ஒருநாள் பல் முறியும். பூட்டு போட்ட வண்டியில் இந்தக் கவலை கூடுதல், ஏனென்றால் முன்பு சக்கரம் வழுக்கியதால் தப்பித்துக்கொண்டிருந்த பற்கள் இனி முழு விசையையும் வாங்கப்போகின்றன.

அளப்பது இப்படி. டயல் கேஜின் முள்நுனியைக் கிரவுன் பல்லின் வெளி ஓரத்தில், பல் நகரும் திசைக்கு நேராக ஊன்றவேண்டும். பினியனின் ஃபிளாஞ்சை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் கிரவுனை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் முள் நகரும் தூரமே பேக்லாஷ். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களிலாவது பார்க்கவேண்டும், சக்கரத்தில் கோட்டம் இருந்தால் அதில் தெரிந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 0.20. கையேட்டின் எல்லைக்குச் சற்று வெளியே. நீண்ட காலம் ஓடித் தேய்ந்த பற்களில் அது எதிர்பார்க்கக் கூடியதே. பிறகு பற்களில் குறிச்சாயம் பூசி, கிரவுனுக்கு லேசாகத் தடை கொடுத்துப் பினியனைச் சுற்றி, பல் பல்லைத் தொட்ட தடத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டோம். பல்லின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் நடுவில், சற்றே நீள்வட்டமாக, ஒழுங்கான தடம்.

பேரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் இரண்டு மூடிகளையும் கழற்றுமுன் பஞ்சால் குறியிட்டோம். அவை வார்ப்போடு சேர்த்தே துளையிடப்பட்டவை என்பதால் இடது மூடி இடத்திலும் வலது மூடி வலத்திலும்தான் பொருந்தும். மாற்றிப் போட்டால் பேரிங்கின் வெளிவளையம் நசுங்கும். பினியன் நட்டைத் தொடவேயில்லை. அதற்குப் பின்னால் ஒருமுறை நசுங்கி அளவாகும் குழல் ஒன்று இருக்கிறது. நட்டைத் தளர்த்தினால் அந்தக் குழலையும் மாற்ற வேண்டும், வேலை இருமடங்காகும். கூண்டை மாற்றுவதால் பினியனின் ஆழம் மாறாது. பழைய கிரவுனையும் பினியனையுமே வைத்துக்கொள்பவருக்கு இது பெரிய நிம்மதி. கவலைப்பட வேண்டியவை கிரவுனின் பக்கவாட்டு இடமும் பேரிங்குகளை இறுக்கி வைக்கும் முன்னழுத்தமும் மட்டும்தான்.

கிரவுன் சக்கரம் கூண்டின் மேல் துளி இடைவெளியும் இல்லாமல் இறுக்கமாக உட்காரும். போல்ட்டுகளை முறுக்கி இழுத்து உட்காரவைக்கலாம் என்று சிலர் செய்வதுண்டு. சக்கரம் கோணலாக இறங்கி விளிம்பில் உலோகம் சுரண்டப்பட்டால், அந்தத் துணுக்கு இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு சக்கரம் நிரந்தரமாகக் கோட்டமாகிவிடும். டொயோட்டாவின் கையேடு சொல்லும் முறை அழகானது: சக்கரத்தைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். கராஜின் பின்பக்கம் கேஸ் அடுப்பில், நண்டு வேகவைக்கும் பெரிய அலுமினியப் பானையில், பழைய எண்ணெய் போகக் கழுவிய கிரவுன் சக்கரம் வெந்துகொண்டிருந்தது. 100 டிகிரியில் இரும்பு விரிவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இடுக்கியால் எடுத்து, சூட்டிலேயே ஈரம் ஆவியாகிப் பறந்ததும் கூண்டின் மேல் வைத்தபோது, அது கையால் அழுத்தக்கூடத் தேவையில்லாமல் வழுக்கி இறங்கி நின்றது. ஆறியதும் பிடித்துக்கொண்டது. துளைகள் நேராகும்படி இரண்டு போல்ட்டுகளை முன்கூட்டியே விரலால் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆறியபின் திருப்ப முடியாது. பிறகு சக்கரத்தின் 10 போல்ட்டுகளையும் திரெட் லாக் பூசி, எதிரெதிராக, படிப்படியாக 97 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கினோம்.

காற்றுக் குழாய்க்கான துளை இந்த வேலையில் திரும்பிப் போக முடியாத ஒரே படி. வார்ப்பிரும்புத் தொகுதியின் மேற்பகுதியில், எண்ணெய் மட்டத்துக்கு மேல், கிரவுன் சக்கரத்தின் பாதையிலிருந்து விலகி, வெளியே ஃபிட்டிங்கை இறுக்க ஸ்பானர் நுழையக் கூடிய இடமாகப் பார்த்து, 7/16 அங்குலத் துளை போட்டு, கால் அங்குல டேப்பர் மரை வெட்ட வேண்டும். டேப்பர் மரை என்பதால் டேப்பை அளவுக்கு மீறி இறக்கினால் ஃபிட்டிங் முழுதாக உள்ளே போய்விடும், இறுகாது; சிறிது வெட்டி, ஃபிட்டிங்கைப் போட்டுப் பார்த்து, மீண்டும் சிறிது வெட்டுவதே வழி. துளையிடும்போது தொகுதி காலியாக இருக்கவேண்டும், பினியன் பேரிங்கைத் துணியால் அடைத்திருக்க வேண்டும். வார்ப்பிரும்புத் தூள் மாவு போலப் பறக்கும். கிரீஸ் பூசிய டேப், காந்தம், பிரேக் கிளீனர், மறுபடி காந்தம் என்று துடைத்ததில்தான் அந்தப் பிற்பகலின் பெரும்பகுதி போனது. அதைச் சலிப்போடு செய்தால் அந்தத் தூள் நேரே புதிய ஓ-ரிங்குகளுக்குப் போய்விடும்.

கூண்டை உட்காரவைத்ததும் மீண்டும் டயல் கேஜ். இந்த அச்சில், இடைவெளியைச் சரிசெய்யச் செருகும் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். இருபுறமும் மரை போட்ட பெரிய அட்ஜஸ்டர் வளையங்கள் உள்ளன. இடது வளையத்தை ஒரு காடி தளர்த்தி வலது வளையத்தை ஒரு காடி இறுக்கினால், பேரிங்குகளின் அழுத்தம் மாறாமல் கூண்டு முழுவதும் ஒரு பக்கமாக நகரும். கிரவுன் பினியனை நெருங்கும் திசையில் நகர்த்தினால் பேக்லாஷ் குறையும், எதிர்த்திசையில் கூடும். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் இடம் மாறாது, முன்னழுத்தம் ஏறும். இந்த இரண்டு அசைவுகளையும் மனத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் பொறுமைதான். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் கூண்டைப் பல சுற்றுகள் சுற்றி உருளைகளைப் பேரிங்கில் ஒழுங்காக உட்காரவிட்டே அளக்கவேண்டும். அவசரத்தில் அளந்தால் அடுத்த அளவில் எண் மாறிவிடும். ஏர் லாக்கரில் கூடுதலாக ஒரு சங்கடம்: கூண்டைச் சுற்றும்போதெல்லாம் சீல் வளையமும் செப்புக்குழாயும் அதோடு சேர்ந்து சுற்றாமல் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

எந்த எண்ணில் நிறுத்துவது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது. கையேட்டின் எல்லைக்குள், 0.16 அளவில் நிறுத்தலாம் என்றேன். அண்ணை ஒப்பவில்லை.

"பழைய பல்லு ரெண்டும் இவ்வளவு காலம் கூடி வாழ்ந்த தூரம் உது. புத்தகத்தில கிடக்கிறதைப் பிறகு பாப்பம்."

அவர் சொன்னதில் பொருள் இருந்தது. கையேட்டின் எண் புதுப் பற்களுக்கானது. தேய்ந்து ஒன்றோடொன்று பழகிவிட்ட பற்களை அதைவிட நெருக்கினால், தேயாத பகுதி தேய்ந்த பகுதியோடு மோதி, ஊளைச் சத்தம் எழும்பும். எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, கைப்பேசியில் இருந்த பழைய தடத்தை எதிரில் வைத்துக்கொண்டு சாயம் பூசிப் பார்த்தோம். கிரவுனைப் பக்கவாட்டில் நகர்த்தினால் தடம் பெரும்பாலும் பல்லின் நீளவாக்கில் நகரும். பினியன் ஆழம் மாறினால் உயரவாக்கில் நகரும். பினியனை நாங்கள் தொடவில்லை என்பதால் உயரம் தானாகவே சரியாக இருந்தது. 0.19-இல் தடம் பழைய படத்தோடு ஒத்துப்போனது. அங்கேயே நிறுத்தி, மூடிகளை 78 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, மறுபடி அளந்தோம். மூடி இறுகும்போது அளவு சற்று மாறுவது வழக்கம். மாறினால் தளர்த்தி மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

செப்புக்குழாயைக் கட்டைவிரலால் மட்டுமே, பெரிய வளைவுகளாக வளைக்க வேண்டும். இடுக்கி பட்டால் மடிந்து அடைபடும். கிரவுனுக்கும் அதற்கும் இடையில் தாராளமாக இடம் விட்டு ஃபிட்டிங்கில் இறுக்கியபின், தொகுதி இன்னும் மேசையில் இருக்கும்போதே காற்றடித்துப் பார்க்கவேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிய இணைப்புகளில் குமிழி வரவில்லை. காற்று நுழைந்ததும் கூண்டுக்குள் கடக் என்றொரு சிறிய சத்தம். அதன் பிறகு பக்கப் பல்சக்கரத்தை அண்ணையின் முழுப் பலத்துக்கும் தனியாகத் திருப்ப முடியவில்லை. காற்றை விட்டதும் வழக்கம்போல் சுற்றியது.

ஹவுசிங்கில் மீண்டும் ஏற்றுவது கழற்றியதன் மறுபக்கம். விளிம்பில் பழைய கேஸ்கட் துளியும் இல்லாமல் சுரண்டுவதுதான் நேரம் எடுக்கும். எண்ணெய் சாதாரண ஜி.எல்.-5 தரத்து 80டபிள்யூ-90. உராய்வுத் தட்டுகள் இல்லாத சாதனம் என்பதால் லிமிட்டெட் ஸ்லிப்புக்கென்று விற்கும் சேர்மானம் எதுவும் இதற்கு வேண்டாம். பிரேக்கில் காற்றெடுத்து, ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்தோம். கம்ப்ரஸரை எஞ்சின் அறைக்குள் எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் பொருத்தினேன், ஆறு கடக்கும்போது முதலில் நனையும் இடத்தில் அதை வைப்பவர்களும் இருக்கிறார்கள். காற்றைத் திறந்து மூடும் மின்வால்வான சோலினாய்டிலிருந்து அச்சுக்குப் போகும் மெல்லிய நைலான் குழாய் சைலன்ஸருக்கு அருகில் போகக் கூடாது, அச்சு மேலும் கீழும் ஆடுவதற்குத் தளர்வும் விட்டிருக்க வேண்டும். டாஷ்போர்டில் இரண்டு ஸ்விட்சுகள்: முதலாவது கம்ப்ரஸருக்கு, இரண்டாவது பூட்டுக்கு. முதலாவது போட்டிருந்தால்தான் இரண்டாவது வேலை செய்யும்படி வயரிங் அமைந்திருப்பதால், நெடுஞ்சாலையில் தெரியாமல் கைபட்டுப் பூட்டிக்கொள்ளும் பயம் இல்லை.

அச்சு மூச்சுவிடும் வழியான பிரீதரையும் அப்போதே புதுக்குழாய் போட்டு உயர்த்திவிட்டேன். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் அடைபட்டிருந்தால் அது சீல்களின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஏர் லாக்கர் வைத்த அச்சில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஓ-ரிங் கசிந்தால் காற்று ஹவுசிங்குக்குள் நிறைந்து, பிரீதர் வழியே எண்ணெயைத் தள்ளும். அல்லது எண்ணெய் காற்றுக் குழாயில் ஏறி, பூட்டை விடுவிக்கும்போது சோலினாய்டின் வாயில் சொட்டும். சோலினாய்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டால் கோளாறு அச்சுக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பின் சக்கரங்கள் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். ஸ்விட்சைப் போட்டதும் இரண்டும் ஒரே திசையில் சுற்றும். முதல் ஓட்டத்தில் நான் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் ஊளைச் சத்தம் எழுகிறதா என்பதைத்தான்; ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் எடுக்கும்போதும் தனித்தனியாகக் கேட்கவேண்டும், ஏனென்றால் இரண்டிலும் பல்லின் வெவ்வேறு முகங்கள் வேலை செய்கின்றன. அமைதியாகவே இருந்தது. சிறிது தூரம் ஓடியபின் ஹவுசிங்கின் மூக்கில் கை வைத்துப் பார்த்தோம்; வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

நவம்பரில் பாதைகள் திறந்தபின், முன்பு வேகமெடுத்து மோதி ஏறிய மண்மேடுகளில் வண்டி நடைவேகத்தில் ஏறியது. பூட்டின் உண்மையான பயன் இந்த வேகக்குறைவுதான் என்று நினைக்கிறேன்; வேகத்தோடு மோதும்போதுதான் ஸ்பிரிங் பட்டையும் ஷாக் அப்ஸார்பரும் உடைகின்றன, பாதையும் பாழாகிறது. சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகு ஸ்விட்சைப் போடக் கூடாது. இரு பக்கமும் வேகம் வேறுபட்டிருக்கையில் பற்கள் கோத்தால் அடி முழுவதும் அவற்றின் முனையில் விழும். தடையைக் கண்டதும், அதற்கு முன்பே, மெதுவாக ஊர்ந்தபடி போட்டுவிட வேண்டும். திருப்பத்தில் பூட்டிய அச்சு வண்டியை நேராகவே தள்ளும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. ஆகவே திருப்பத்துக்கு முன் விடுவிக்கவேண்டும், விடுபடுவதற்குச் சில மீட்டர் ஆகலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பக்கவாட்டுச் சரிவைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எச்சரிப்பதில்லை. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு பின் சக்கரம் சுற்றினாலும் மற்றது சுற்றாமல் நின்று, பக்கவாட்டில் நழுவாதபடி வண்டியின் வாலைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய அச்சில் இரண்டும் ஒன்றாகச் சுற்றத் தொடங்குவதால் அந்தப் பிடிப்பு போய்விடும். ஈரக்களிமண் சரிவில் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி இறங்கும். அப்படிப்பட்ட இடங்களில் நான் பூட்டைத் திறந்துவிட்டே போகிறேன்.

முன் அச்சுக்கும் ஒன்று போடலாமே என்று கேட்கிறார்கள். அங்கே விசை, சக்கரம் திரும்பும்போது வளைந்து கொடுக்கும் சி.வி. மூட்டுகளின் வழியாகச் செல்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்த நிலையில், பூட்டிய அச்சின் முழு விசையும் ஒரே மூட்டில் விழுந்தால் அது தாங்காது. பின் அச்சின் தண்டுகளுக்கு மூட்டு எதுவும் இல்லை, அவை நேரானவை, தடித்தவை. காலித் தட்டோடு பின்பக்கம் எழும்பும் பிக்கப்புக்கு முதலில் வேண்டியதும் பின்பூட்டுதான். மேடேறும்போது வண்டியின் எடை பின்னோக்கிச் சாய்வதால், அங்கேதான் பிடிப்பும் மிகுதி. அண்ணையிடம் கேட்டதற்கு, முன் அச்சைத் திறப்பதற்கு முதல் சி.வி. மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகளைப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கத்து ரப்பர் வெடித்திருக்கிறது. இந்தக் குளிர்காலத்து வேலை அதுதான்.